லீஷ்மேனியா தொற்றும் வீட்டுப் பூனையும்: சார்லஸ் நிக்கோலின் வாழ்க்கை தரும் தெளிவு

வீட்டில் வளரும் பூனைக்கு லீஷ்மேனியா தொற்று ஏற்படுமா, ஏற்பட்டால் அது வீட்டிலுள்ள குழந்தைகளுக்குப் பரவுமா என்னும் ஐயம் உங்களுக்கு எழலாம். நாய்களுக்கு இத்தொற்று வருவது ஓரளவு அறியப்பட்ட செய்தி. பூனைகளைப் பற்றிய செய்தி அவ்வளவாகப் பரவவில்லை. பூனைக்கும் இத்தொற்று ஏற்படக்கூடும். ஆயினும் தொற்றுள்ள பூனையைத் தொடுவதாலோ மடியில் வைத்திருப்பதாலோ இந்நோய் மனிதருக்கு வருவதில்லை. இடையில் மணல் ஈ என்னும் சிறு பூச்சி ஒன்று இருந்தாக வேண்டும்.

லீஷ்மேனியா என்பது கண்ணுக்குத் தெரியாத ஓரணு ஒட்டுண்ணி. அது சில இடங்களில் தோலில் ஆறாப் புண்ணை உண்டாக்கும். சில இடங்களில் கல்லீரல், மண்ணீரல், எலும்பு மஜ்ஜை ஆகியவற்றைத் தாக்கிக் கருங்காய்ச்சல் என்னும் காலா அசார் நோயை உண்டாக்கும். இத்தகைய தொற்று எங்கே மறைந்திருக்கிறது, எதன் வழியே நகர்கிறது, அதன் பாதையை எந்த இடத்தில் மறிக்கலாம் என்னும் மூன்று கேள்விகளையே தம் வாழ்நாள் பணியாகக் கொண்ட மருத்துவர் ஒருவர் இருந்தார். நோபல் பரிசு பெற்ற பிரெஞ்சு அறிஞர் சார்லஸ் நிக்கோல் அவர். அவருடைய வாழ்க்கையை அறிந்துகொண்டால், பூனையைப் பற்றிய உங்கள் ஐயத்திற்கும் தெளிவு பிறக்கும்.

செவித்திறன் குறைந்த மருத்துவர்

சார்லஸ் நிக்கோல் 1866 செப்டம்பர் 21 அன்று பிரான்சு நாட்டின் ருவான் நகரில் பிறந்தார். அவருடைய தந்தை அந்நகரில் மருத்துவராகப் பணியாற்றியவர். அண்ணன் மொரிஸ் நிக்கோலும் பிற்காலத்தில் நுண்ணுயிரியல் அறிஞராகப் பெயர் பெற்றார். இலக்கியத்தில் மிகுந்த நாட்டம் கொண்டிருந்த சார்லஸ், குடும்ப வழக்கத்தை ஒட்டி மருத்துவக் கல்வியில் சேர்ந்தார். ருவானில் தொடங்கிய படிப்பைப் பாரிசில் தொடர்ந்து, பாஸ்டர் நிறுவனத்தில் நுண்ணுயிரியல் பயிற்சியும் பெற்று, 1893 ஆம் ஆண்டில் மருத்துவப் பட்டம் பெற்றார்.

இளமையிலேயே அவருடைய செவித்திறன் குறையத் தொடங்கியிருந்தது. இதய ஒலியையும் மூச்சொலியையும் செவியால் கேட்டே நோயைக் கணித்த காலம் அது. மருத்துவர் ஒருவருக்குச் செவி மங்குவது எத்தகைய இழப்பு என்பதை நீங்கள் எண்ணிப் பார்க்கலாம். நோயாளியின் மார்பொலியைக் கேட்பதற்கு இடர்ப்பட்ட அவர், நுண்ணோக்கியையும் ஆய்வகத்தையும் மேலும் மேலும் சார்ந்து நின்றார்.

ருவானுக்குத் திரும்பிய அவர் அங்கிருந்த மருத்துவப் பள்ளியில் நுண்ணுயிரியல் ஆய்வகத்தின் பொறுப்பை ஏற்றார். தொண்டை அடைப்பான் நோய்க்குரிய எதிர்ச்சீரத்தை மக்களுக்குக் கிடைக்கச் செய்ய உழைத்தார். ஆயினும் தம் சொந்த ஊரில் ஒரு பெரிய ஆய்வு மையத்தை உருவாக்கும் அவருடைய விருப்பம் நிறைவேறவில்லை. அந்நிலையில் வட ஆப்பிரிக்காவின் துனிஸ் நகரில் இருந்த பாஸ்டர் நிறுவனத்திற்கு இயக்குநராகும் வாய்ப்பு வந்தது. துனிசியா அப்போது பிரான்சின் ஆட்சிக் காப்பில் இருந்தது. 1903 ஆம் ஆண்டில் அப்பொறுப்பை மேற்கொண்ட நிக்கோல், தம் இறுதி நாள்வரை, அதாவது முப்பத்து மூன்று ஆண்டுகள், அதிலேயே நீடித்தார்.

மண்ணீரல் வீங்கிய குழந்தைகள்

அக்காலத்தில் மத்தியதரைக் கடலைச் சூழ்ந்த நாடுகளில் சிறு குழந்தைகளை ஒரு விந்தையான நோய் தாக்கி வந்தது. வாரக்கணக்கில் காய்ச்சல் நீடிக்கும், உடல் மெலியும், முகம் வெளிறும், வயிற்றின் இடப்புறம் மண்ணீரல் கல்லைப் போலத் திரண்டு வீங்கும். குழந்தைகளுள் பெரும்பாலோர் இறந்துபோயினர். நோயின் காரணம் நெடுங்காலம் தெரியவில்லை.

அதற்கான தடயம் இந்தியாவிலிருந்து கிடைத்தது. கல்கத்தாவை அடுத்த டம்டம் பாசறையில் பணியாற்றி நோயுற்று இறந்த படைவீரர் ஒருவரின் மண்ணீரலில் தாம் கண்ட நுண்ணுடல்களைப் பற்றி, வில்லியம் லீஷ்மன் 1903 ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் கட்டுரை வெளியிட்டார். அதே ஆண்டில் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் பணியாற்றிய சார்லஸ் டோனோவன், தம் நோயாளிகளின் மண்ணீரலில் அதே நுண்ணுடல்களைத் தனியே கண்டறிந்தார். மலேரியா ஆய்வால் புகழ் பெற்ற ரொனால்டு ராஸ் இருவர் பெயரையும் இணைத்து அந்த ஒட்டுண்ணிக்கு லீஷ்மேனியா டோனோவானி என்று பெயரிட்டார். உலக மருத்துவ நூல்கள் அனைத்திலும் இடம்பெறும் இப்பெயரில் சென்னைக்கும் ஒரு பங்கு உண்டு என்பதை நீங்கள் பெருமையுடன் நினைவிற் கொள்ளலாம்.

துனிசியக் குழந்தைகளிடம் காணப்பட்ட ஒட்டுண்ணியை நிக்கோல் விரிவாக ஆராய்ந்து, 1908 ஆம் ஆண்டில் அதற்கு லீஷ்மேனியா இன்ஃபாண்டம் என்று பெயர் சூட்டினார். குழந்தைகளைப் பெரிதும் தாக்குவதால் அமைந்த பெயர் அது. ஒட்டுண்ணியை ஆய்வகத்தில் வளர்ப்பதற்கு, நோவி, மெக்நீல் என்னும் இருவர் முன்பே உருவாக்கியிருந்த இரத்தம் கலந்த வளர்ப்பு ஊடகத்தை அவர் எளிமைப்படுத்தினார். மூவர் பெயரின் முதலெழுத்துகளைக் கொண்டு என்.என்.என். ஊடகம் என்று அழைக்கப்படும் அது, ஒரு நூற்றாண்டுக்கு மேலாக ஆய்வகங்களில் பயன்பட்டு வருகிறது.

அடுத்து அவர் எழுப்பிய கேள்விதான் நம் பொருளுக்கு இன்றியமையாதது. தாய்ப்பால் மறந்தும் மறவாத வயதில், வீட்டைவிட்டு அதிகம் வெளியே செல்லாத குழந்தைக்கு இந்த ஒட்டுண்ணி எங்கிருந்து வருகிறது? குழந்தைகள் வாழும் இடத்தில் வேறெந்த உயிர்கள் வாழ்கின்றன என்று அவர் பார்த்தார். துனிஸ் நகரத்து நாய்களைத் தம் உடன்பணியாளர் காம்ட் என்பவருடன் சேர்ந்து ஆராய்ந்தபோது, சில நாய்களின் உடலில் அதே ஒட்டுண்ணி இயல்பாகவே குடியிருப்பது 1908 ஆம் ஆண்டில் தெரியவந்தது. மனிதரின் உயிரைப் பறிக்கும் ஒட்டுண்ணி, மனிதருடன் வாழும் விலங்கின் உடலில் தங்கியிருக்கிறது என்னும் உண்மை இவ்வாறு வெளிப்பட்டது. இத்தகைய விலங்கை நோய்த்தேக்க உயிரி என்று பொதுச் சுகாதாரத் துறையில் குறிப்பிடுகிறோம்.

லீஷ்மேனியா என்று தவறாகக் கருதப்பட்ட மற்றோர் ஒட்டுண்ணி

இதே 1908 ஆம் ஆண்டில் மற்றொரு நிகழ்வும் நேர்ந்தது. தென் துனிசியாவின் மலைப்பாறைகளில் வாழும் கோண்டி என்னும் சிறு கொறிவிலங்கு நிக்கோலின் ஆய்வகத்தில் பயன்பட்டு வந்தது. அவ்விலங்குகளின் உடலில் ஓர் ஒட்டுண்ணியை நிக்கோலும் அவருடைய உடன்பணியாளர் மான்சோவும் கண்டனர். முதலில் அதனை லீஷ்மேனியா இனத்தைச் சேர்ந்தது என்றே கருதினர். மேலும் ஆராய்ந்து அது முற்றிலும் வேறானது என்று உணர்ந்தபின், வில்லைப் போன்ற அதன் வளைந்த வடிவத்தைக் குறித்து டாக்ஸோபிளாஸ்மா கோண்டியை என்று 1909 ஆம் ஆண்டில் பெயரிட்டனர்.

இச்செய்தியை இங்கே குறிப்பிடுவதற்குக் காரணம் உண்டு. பூனையால் வரும் நோய் என்று பொதுமக்கள் கேள்விப்படுவது பெரும்பாலும் இந்த டாக்ஸோபிளாஸ்மாவைத்தான். லீஷ்மேனியாவும் இதுவும் பரவும் வழியில் முற்றிலும் வேறுபட்டவை. டாக்ஸோபிளாஸ்மா, பூனையின் குடலில் பெருகி மலத்தின் வழியே வெளியேறுகிறது. இவ்வுண்மை நிக்கோல் மறைந்து பல ஆண்டுகள் கழித்து, 1970 ஆம் ஆண்டை ஒட்டியே உறுதியாயிற்று. லீஷ்மேனியா அவ்வாறு மலத்தின் வழியே பரவுவதில்லை. அதற்கு மணல் ஈ தேவை. ஆகவே ஒன்றிற்குரிய எச்சரிக்கையை மற்றொன்றிற்குப் பொருத்திக் குழம்ப வேண்டாம்.

மருத்துவமனை வாயிலில் நின்றுபோன நோய்

நிக்கோலுக்கு உலகப் புகழ் தந்த ஆய்வு டைபஸ் காய்ச்சலைப் பற்றியது. இது டைபாய்டு அன்று. நம் பகுதிகளில் காணப்படும் உண்ணிக் காய்ச்சலாகிய ஸ்க்ரப் டைபஸும் அன்று. போர், பஞ்சம், சிறை, நெருக்கடியான குடியிருப்பு ஆகிய இடங்களில் கொள்ளைநோயாகப் பரவிய கொடிய காய்ச்சல் இது.

துனிசியாவுக்கு வந்த தொடக்கக் காலத்தில், தொலைவிலிருந்த சிறை ஒன்றில் டைபஸ் பரவியிருப்பதை அறிந்து அங்கே செல்ல அவர் திட்டமிட்டிருந்தார். புறப்படும் வேளையில் அவருக்கு இருமலில் இரத்தம் வந்ததால் பயணம் தடைப்பட்டது. உடன் செல்லவிருந்த மருத்துவர் தம் பணியாளருடன் சென்று அச்சிறையில் இரவு தங்கினார். இருவரும் டைபஸால் இறந்தனர். தம் உயிர் தப்பியது தற்செயலே என்பதை நிக்கோல் மறக்கவில்லை.

துனிஸ் நகரத்து சாதிக்கி மருத்துவமனைக்கு டைபஸ் நோயாளிகள் வந்தவண்ணம் இருந்தனர். இடமின்றிச் சிலர் வாயிலிலேயே விழுந்து கிடந்தனர். அவர்களை அவர் நாள்தோறும் கடந்து செல்ல நேர்ந்தது. ஒரு நாள் அவருடைய கவனம் ஒரு முரண்பாட்டின்மேல் சென்றது. ஊருக்குள் நோயாளியை ஒட்டி வாழ்ந்தோர் நோயுற்றனர். மருத்துவமனையில் நோயாளியைச் சேர்த்துக்கொள்ளும் பிரிவினரும், அவருடைய துணிகளைக் கையாண்ட சலவைப் பணியாளரும் நோயுற்றனர். ஆனால் நோயாளி உள்ளே சென்று படுக்கையில் கிடத்தப்பட்டபின், அருகிலிருந்த மற்ற நோயாளிகளுக்கோ செவிலியருக்கோ அது தொற்றவில்லை.

வாயிலுக்கும் படுக்கைக்கும் இடையே நடந்தது என்ன? நோயாளியின் உடைகள் களையப்பட்டன, முடி மழிக்கப்பட்டது, உடல் கழுவப்பட்டது. ஆகவே நோயைச் சுமந்து சென்றது நோயாளியின் மூச்சோ தொடுகையோ அன்று. அவருடைய உடையிலும் உடலிலும் இருந்த ஒன்றே என்று அவர் உய்த்துணர்ந்தார். அது சீலைப்பேன்.

உணர்ந்ததை மெய்ப்பிக்க 1909 ஆம் ஆண்டில் ஆய்வு நடத்தினார். நோயாளியின் இரத்தத்தால் சிம்பன்சிக் குரங்கு ஒன்றுக்கு நோய் உண்டாக்கினார். அதிலிருந்து மற்றோர் இனக் குரங்குக்கும், அக்குரங்கைக் கடித்த சீலைப்பேன்களின் வழியே வேறு குரங்குகளுக்கும் நோய் பரவுவதைக் காட்டினார். முதல் உலகப் போரில் பேன் ஒழிப்பு நிலையங்கள் படைவீரர்களின் உயிரைக் காத்தன என்றால், அதற்கு அடிப்படையாக நின்றது இக்கண்டுபிடிப்பே.

இந்நிகழ்வின் உட்பொருளைக் கவனியுங்கள். நோயாளியைத் துரத்துவதால் நோய் நிற்கவில்லை. நோயைச் சுமந்து செல்லும் பூச்சியை அகற்றியதால் நின்றது. பூனையைப் பற்றி நாம் எண்ண வேண்டிய முறையும் இதுவேயாகும்.

அல்ஜியர்ஸ் நகரத்து வீடு

துனிசியாவுக்கு மேற்கே அமைந்த அண்டை நாடு அல்ஜீரியா. அதன் தலைநகரான அல்ஜியர்சில் எட்மண்ட் செர்ஜன், எத்தியன் செர்ஜன் என்னும் சகோதரர்கள் ஆய்வு நடத்தி வந்தனர். நாய்களைப் பற்றி நிக்கோல் கண்டறிந்து நான்கு ஆண்டுகள் கழித்து, 1912 ஆம் ஆண்டில், அவர்களும் உடன்பணியாளர்களும் ஒரு வீட்டைப் பற்றி அறிக்கை வெளியிட்டனர். அந்த வீட்டில் ஒரு குழந்தைக்குக் காலா அசார் இருந்தது. அங்கே வளர்ந்த நாயின் உடலிலும் லீஷ்மேனியா இருந்தது. நான்கு மாதமே ஆன பூனைக்குட்டி ஒன்றின் எலும்பு மஜ்ஜையிலும் அதே ஒட்டுண்ணி காணப்பட்டது. வீட்டுப் பூனையில் இத்தொற்று இருப்பதாக வெளிவந்த முதல் அறிக்கை இது.

ஒரே கூரையின் கீழ் குழந்தை, நாய், பூனை ஆகிய மூவருக்கும் தொற்று என்னும் செய்தியைக் கேட்டவுடன், இவற்றுள் எது மற்றவற்றுக்குக் கொடுத்தது என்று கேட்கவே நம் மனம் விரையும். பூனைதான் கொடுத்தது என்று ஒருவர் முடிவு செய்தால், குட்டியைத் தெருவில் விடுவதோடு அவர் நின்றுவிடுவார். குழந்தையை அச்சுறுத்தும் உண்மையான காரணி வீட்டிலேயே இருக்கும். மூவருக்கும் பொதுவாக அமைந்தது அவர்கள் உறங்கிய இடம். இரவில் அவ்விடத்திற்கு வந்து மூவரையும் கடித்திருக்கக்கூடிய பூச்சி எது என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

அப்பூச்சியைக் கண்டறிய மேலும் காலம் பிடித்தது. தெள்ளுப்பூச்சி, மூட்டைப்பூச்சி எனப் பலவற்றின்மேல் ஐயம் எழுந்தது. 1921 ஆம் ஆண்டில் செர்ஜன் சகோதரர்கள் உள்ளிட்ட குழுவினர், பிஸ்க்ரா என்னும் ஊரில் பிடித்த மணல் ஈக்களை நசுக்கி, முன்வந்த தன்னார்வலரின் தோற்கீறலில் இட்டபோது லீஷ்மேனியாப் புண் தோன்றுவதைக் காட்டினர். மணல் ஈயின் கடியினாலேயே கருங்காய்ச்சல் மனிதருக்குப் பரவுகிறது என்பதை, 1942 ஆம் ஆண்டில் அசாமில் ஸ்வாமிநாத், ஷார்ட், ஆண்டர்சன் ஆகியோர் தன்னார்வலரைக் கொண்டு நடத்திய ஆய்வு உறுதிப்படுத்தியது.

வெளித்தெரியாத் தொற்று

டைபஸ் ஆய்வைத் தொடர்ந்த நிக்கோல், கினிப்பன்றிகளுக்கும் அந்நோயை உண்டாக்க முடியும் என்று 1911 ஆம் ஆண்டில் கண்டார். அவற்றுள் பலவற்றுக்குக் காய்ச்சல் மட்டுமே வந்தது. சிலவற்றுக்கு அதுவும் வரவில்லை. உண்டன, ஓடின, நலமாகவே காணப்பட்டன. ஆயினும் அவற்றின் இரத்தத்தை வேறொரு விலங்குக்குச் செலுத்தியபோது அதற்கு நோய் வந்தது. வெளியில் எந்த அறிகுறியும் இன்றி உடலுக்குள் தொற்று நிலவ முடியும் என்பதை இதிலிருந்து அவர் தெளிந்தார். இதனை வெளித்தெரியாத் தொற்று எனலாம். தம் ஆய்வுகள் அனைத்திலும் முதன்மையானதாக நிக்கோல் இக்கருத்தையே மதித்தார்.

பூனைகளில் லீஷ்மேனியா நிலை கொள்வது பெரும்பாலும் இம்முறையிலேயே. மத்தியதரைக் கடல் நாடுகள், பிரேசில், ஈரான் முதலிய இடங்களில் நடந்த ஆய்வுகளில் தொற்றுள்ள பூனைகள் பல காணப்பட்டன. அவற்றுள் நோய் அறிகுறி காட்டியவை சிலவே. தொற்றுள்ள பூனையைக் கடித்த மணல் ஈ ஒட்டுண்ணியைப் பெற்றுக்கொள்வதை இத்தாலியிலும் பிரேசிலிலும் நடந்த ஆய்வுகள் காட்டியுள்ளன. இதனால் அந்நாடுகளில் நாயே முதன்மையான நோய்த்தேக்க உயிரி என்றும், பூனை துணைநிலையில் பங்கு வகிக்கக்கூடும் என்றும் கருதப்படுகிறது.

இறுதி ஆண்டுகள்

1928 ஆம் ஆண்டிற்குரிய மருத்துவ நோபல் பரிசு, டைபஸ் ஆய்வுக்காக நிக்கோலுக்கு வழங்கப்பட்டது. 1932 ஆம் ஆண்டில் பாரிசின் கொலேஜ் த பிரான்சு என்னும் உயர்கல்வி நிறுவனத்தில் பேராசிரியர் பதவியும் பெற்றார். செவித்திறன் மேலும் குன்றியபோதும் எழுத்தை அவர் கைவிடவில்லை, நாவல்களும் எழுதினார். தொற்றுநோய்கள் பிறக்கின்றன, வளர்கின்றன, மறைகின்றன, புதியன தோன்றிக்கொண்டே இருக்கும் என்னும் கருத்தைத் தம் நூல்களில் விளக்கினார். 1936 பிப்ரவரி 28 அன்று துனிசில் காலமானார். அவர் வளர்த்த நிறுவனத்தின் வளாகத்திலேயே அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது.

நம் நாட்டில் நிலைமை என்ன?

இந்தியாவில் கருங்காய்ச்சல் பீகார், ஜார்க்கண்ட், மேற்கு வங்கம், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களின் சில மாவட்டங்களில் நிலவி வந்த நோயாகும். இங்கே அதனை உண்டாக்குவது லீஷ்மேனியா டோனோவானி. மத்தியதரைக் கடல் பகுதியில் நாயிடமிருந்து மணல் ஈ தொற்றை எடுத்துச் செல்கிறது. இந்தியாவிலோ அது ஒரு மனிதரிடமிருந்து மற்றொரு மனிதருக்கே முதன்மையாக எடுத்துச் செல்கிறது. தமிழ்நாடு கருங்காய்ச்சல் நிலைகொண்ட மாநிலம் அன்று. ஆகவே உங்கள் பூனையின் தோலில் புண் கண்டால், அது லீஷ்மேனியாவாக இருக்கும் என்று அஞ்ச வேண்டியதில்லை. சொறிப்பூச்சி, பூஞ்சைத் தொற்று, சண்டையில் பட்ட காயம் ஆகியவையே மிகப் பொதுவான காரணங்கள்.

நோய் நிலவும் பகுதிக்குச் சென்று வந்தவருக்கு இரண்டு வாரத்திற்கு மேல் காய்ச்சல் நீடித்தால், உடல் மெலிந்தால், வயிறு உப்பினால், அரசு மருத்துவமனையை அணுகிப் பயண விவரத்தை மருத்துவரிடம் தவறாது தெரிவியுங்கள். விரல் நுனியில் எடுக்கும் சிறுதுளி இரத்தத்தைக் கொண்டே செய்யத்தக்க விரைவுச் சோதனை உண்டு. லிப்போசோமால் ஆம்ஃபோடெரிசின் பி போன்ற சிறந்த மருந்துகளும் உண்டு. மருத்துவமின்றி விடப்பட்ட கருங்காய்ச்சல் பெரும்பாலும் உயிரைப் பறிக்கும். உரிய காலத்தில் மருத்துவம் பெற்றால் குணமாகும்.

பூனையில் காணத்தக்க அறிகுறிகள்

தலை, காது, மூக்கு, கால்நுனி ஆகிய இடங்களில் ஆறாத புண் அல்லது சிறு கட்டி, நிணநீர்க் கணு வீக்கம், கண்ணில் அழற்சி, ஈறு மற்றும் வாயில் நாட்பட்ட புண், உடல் மெலிவு ஆகியவை தோன்றலாம். பூனைகளுக்கு எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் வேறு வைரசுத் தொற்று உடனிருந்தால் நோய் வெளிப்படும் வாய்ப்பு கூடும். புண்ணிலிருந்தோ நிணநீர்க் கணுவிலிருந்தோ எடுத்த மாதிரியை நுண்ணோக்கியில் பார்த்தும், பி.சி.ஆர். சோதனையாலும், இரத்தத்தில் எதிர்ப்பொருளை அளந்தும் கால்நடை மருத்துவர் நோயை உறுதி செய்வார். அல்லோபியூரினால் போன்ற மருந்துகள் நீண்ட காலத்திற்குத் தரப்படும். மனிதருக்குரிய மருந்தை நீங்களாகவே பூனைக்குக் கொடுக்கக் கூடாது.

நீங்கள் செய்ய வேண்டியவை

மணல் ஈ கொசுவை விடச் சிறியது. ஏறத்தாழ 2 முதல் 3 மில்லிமீட்டர் நீளமே இருக்கும். ஓசையின்றிப் பறந்து, பெரும்பாலும் மாலை முதல் விடியல்வரை கடிக்கும். சுவர் வெடிப்பு, மாட்டுத்தொழுவம், ஈரமான குப்பை படிந்த மண் ஆகிய இடங்களில் வளரும்.

1. சுவர் வெடிப்புகளைப் பூசி அடையுங்கள். வீட்டைச் சுற்றிக் குப்பையும் சாணமும் தேங்க விடாதீர்கள்.

2. மணல் ஈ உள்ள பகுதிகளில் பூச்சிக்கொல்லி ஏற்றிய கொசுவலையைப் பயன்படுத்துங்கள். சாதாரண வலையின் கண்களுக்குள் மணல் ஈ நுழைந்துவிடக்கூடும்.

3. அப்பகுதிகளில் மாலைக்குப்பின் பூனையை வீட்டுக்குள் வைத்திருங்கள்.

4. நாய்களுக்கு விற்கப்படும் பெர்மெத்ரின் கலந்த உண்ணி மருந்தைப் பூனைக்கு ஒருபோதும் இடாதீர்கள். பூனையின் கல்லீரலால் அதனை எளிதில் முறிக்க இயலாது. நடுக்கமும் வலிப்பும் ஏற்பட்டுப் பூனை இறக்க நேரிடும். பூனைக்கு ஏற்ற பூச்சிவிரட்டிக் கழுத்துப்பட்டை எது என்பதைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டறியுங்கள்.

5. டாக்ஸோபிளாஸ்மாவைத் தவிர்க்க, பூனையின் மலத்தை நாள்தோறும் அகற்றிக் கைகளைச் சோப்பிட்டுக் கழுவுங்கள். கருவுற்ற பெண்கள் இப்பணியை வேறொருவரிடம் விடுவது நல்லது. இறைச்சியை நன்கு வேகவைத்தே உண்ணுங்கள்.

6. தொற்று உறுதியானாலும் பூனையைத் தெருவில் விடாதீர்கள். வீட்டிலிருந்து வெளியேறிய பூனை மருத்துவம் பெறாது. மணல் ஈக்களின் கடிக்கும் எளிதில் ஆளாகும். சில நாடுகளில் நாய்களைக் கொன்று இந்நோயைக் கட்டுப்படுத்த முயன்றபோது, மனிதரிடையே நோய் குறைந்ததற்கு உறுதியான சான்று கிடைக்கவில்லை.

குழந்தைக்குக் காய்ச்சல் என்றவுடன் வீட்டிலுள்ள விலங்கை வெளியேற்றிவிட்டு, மருத்துவமனைக்குப் பல நாள் கழித்து வருவோரை அரசு மருத்துவர்களாகிய நாங்கள் காண்கிறோம். அந்த நாட்கள் குழந்தைக்கு மதிப்புமிக்கவை. முதலில் குழந்தையை மருத்துவரிடம் காட்டுங்கள். பூனையைக் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். பிறகு இருவரையும் கடிக்கும் பூச்சி எங்கே வளர்கிறது என்று உங்கள் வீட்டைச் சுற்றிப் பாருங்கள்.